தலைமாட்டுப் பலகையில் செண்பகவல்லி

நான்காவது திருகு வரவில்லை. அதன் தலை தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. சங்கரேஸ்வரி டெஸ்டரின் முனையை அதில் குத்தி, உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் சாய்த்துத் திருப்பினாள். டெஸ்டர் வழுக்கிச் சுவரில் நீளமாக ஒரு கீறல் போட்டது. புது பெயிண்ட் உதிர்ந்து தலையணையில் விழுந்தது.

முழங்காலுக்குக் கீழே மெத்தை. அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. அவள் அசையும்போதெல்லாம் சரசரத்தது.

"ஏக்கா, என்ன செய்யுதிய?"

அறை வாசலில் பாலிஷ்காரன் மாடன் நின்றான். கையில் வார்னிஷ் நனைந்த துணி.

"கழத்துதேன்."

"எதுக்கு?"

"எனக்கு வேணும்."

"முதலாளி சொன்னாவளா?"

"ஒங்க முதலாளி எங்கிட்ட கேட்டுட்டா இத மாட்டுனாரு?"

மாடன் அவளையும் டெஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தான். கோட்டி கீட்டி பிடித்துவிட்டதா என்று முனகிக்கொண்டே படியில் இறங்கி ஓடினான். கீழே அவன் "மொதலாளி, மொதலாளி" என்று கூப்பிடுவது கேட்டது.

அவள் பலகையைப் பார்க்காமல் திருகை மட்டும் பார்த்து வேலை செய்தாள். கட்டிலின் தலைமாட்டை முழுக்க அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் மரப் பலகை அது. சுற்றிலும் கொடி, கொடிக்குள் மயில், மயிலின் தோகைக்குள் மறுபடியும் கொடி. நடுவில், இடுப்பில் குடத்தை இடுக்கி ஒரு பக்கமாக ஒடிந்து நிற்கும் பெண். மார்பில் மாலையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த உடம்பை எந்தத் தேசத்துக்காரன் செய்தானோ. கழுத்துக்கு மேலே இருந்தது அவளுடைய அக்காள் செண்பகவல்லியின் முகம்.

செண்பகவல்லி பதினாறு வயதில் மஞ்சள்காமாலையில் செத்துப்போனவள்.

பழைய குற்றாலம் போகும் சாலையில் தாணுமாலயன் கட்டியிருக்கும் விடுதி இது. எட்டு அறைகள், எட்டுக் கட்டில்கள், எட்டுத் தலைமாட்டுப் பலகைகள். எட்டிலும் அதே முகம். தேனிலவுத் தம்பதியருக்கு மட்டும் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. நாளை மறுநாள் திறப்பு. அதற்குள் இந்த முகம் கட்டிலை விட்டு இறங்க வேண்டும். சங்கரேஸ்வரிக்கு வேறு யோசனை இல்லை.

*

தென்காசியில் மர வேலை நடக்கிற இடத்தில் போய் சங்கரேஸ்வரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மூஞ்சிக்காரி என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

இலத்தூரில் பிறந்தவள். தகப்பன் போலீஸ்காரர், ஓய்வு பெறுவதற்கு முன்பே போய்விட்டார். குற்றாலத்தில் கல்லூரிப் படிப்பு. படித்து முடித்து ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து கல்யாண ஆல்பத்துக்காக மாப்பிள்ளைகளை வெள்ளையாக்கினாள். பிறகு ஃபிளெக்ஸ் பேனர். காலையில் சடங்கு வீட்டுக்கு வாழ்த்து, மாலையில் கண்ணீர் அஞ்சலி, இரண்டுக்கும் அதே ரோஜாப்பூ. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து ஒன்றரை வருஷத்தில் முடிந்தது. யாராவது கேட்டால் "அது முடிஞ்சிட்டு" என்பாள். மேற்கொண்டு கேட்கிற தைரியம் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது.

அப்புறம் மரம் குடைகிற இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. இயந்திரத்துக்குக் கண் கிடையாது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கணினியில் ஒருவர் உருவத்தைச் செய்து கொடுத்தால் அதன்படி பிட் என்கிற வெட்டுமுனை இறங்கி ஏறிக் குடைந்துவிட்டுப் போகும். அப்படிச் செய்து கொடுக்கும் உருவத்துக்கு மாடல் என்று பெயர். இணையத்தில் மாடல்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. அவற்றில் லட்சுமிக்கு வெள்ளைக்காரி மூக்கு. சரஸ்வதி பல்வலிக்காரி மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருப்பாள். பிள்ளையார் மட்டும் யார் செய்தாலும் எப்படியோ பிழைத்துக்கொள்வார். சங்கரேஸ்வரி அந்த முகங்களை எடுத்துப் போட்டுவிட்டு, நம்மூர் முகங்களை வைக்கத் தொடங்கினாள். ஸ்டுடியோவில் ஆயிரக்கணக்கான முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தவளுக்கு அது கடினமாக இல்லை. செங்கோட்டை, கடையநல்லூர், அந்தப் பக்கம் புனலூர் வரை வேலை வந்தது.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு நோய். சும்மா கிடக்கிற மரத்தை அவர்களால் பார்க்க முடியாது. பாவூர்சத்திரத்தில் காய்கறி கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒருவர் வாசல் கதவின் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இங்கன கொஞ்சம் எடம் சும்மா கெடக்கே தாயி. ஒரு அன்னத்த வையேன்."

"ஏற்கெனவே ஆறு அன்னம் இருக்கு அண்ணாச்சி. அதுக மூச்சு விட எடம் வேண்டாமா?"

"மரம்தானே, அது எதுக்கு மூச்சு விடணும்?"

ஏழாவது அன்னத்தை வைத்தாள். எதிர் வீட்டுக் கதவில் எட்டு இருப்பதாக மறுநாள் போனில் சொன்னார். எட்டாவதையும் வைத்தாள். வெறும் பலகையில் கதவு போடுகிறவனைத் திவாலானவன் என்று நினைக்கிற காலம் இது. அதில்தான் அவளுக்குச் சோறு. அதனால் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

போன மார்கழியில் அவள் அம்மா மாரித்தாய் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் மெசினுல மொகம் போடுதியே. நம்ம புள்ளைக்கு ஒண்ணு போடேன்."

இந்தப் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்துப்போகிற பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. கன்னியாகி, வீட்டோடு இருந்துகொள்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை, படையல். அவள் பெயரை வெளியாளிடம் சொல்வதில்லை. வேறு யாராவது கூப்பிட்டு அவள் அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். மாரித்தாய் வீட்டில் இத்தனை வருஷமும் செண்பகவல்லி ஓர் ஓலைப்பெட்டியாகத்தான் இருந்தாள். உள்ளே மடித்த பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு.

இருந்தது ஒரே ஒரு படம், பள்ளிக்கூட பஸ் பாஸில் ஒட்டியது. முத்திரை குத்தியதில் தாடை பாதி மறைந்துவிட்டது. மீதித் தாடைக்காக சங்கரேஸ்வரி கண்ணாடியில் தன் தாடையைப் பார்த்துக்கொண்டாள். இடது புருவத்துக்கு மேல் அக்காளுக்கு ஓர் அம்மைத் தழும்பு உண்டு. அதையும் ஒரு சின்னக் குழியாக வைத்தாள். சண்டை போடும்போது அந்தத் தழும்பைச் சொல்லித்தான் அக்காளைக் கேலி செய்திருக்கிறாள்.

கண்ணை மட்டும் வேண்டாம் என்று மாரித்தாய் சொல்லிவிட்டாள். "கண்ண மெசினு தொறக்கப்படாது. நான் தொறந்துக்கிடுதேன்." அதனால் இமைக்குக் கீழே கண் வழவழவென்று முட்டை மாதிரி விடப்பட்டது.

வீட்டில் இயந்திரம் இல்லை. இலஞ்சி சாலையில் குற்றாலிங்கம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துத் தேக்கில் வெட்டினாள். என்ன சாமி என்று அவன் கேட்டான். வீட்டுச் சாமி என்றாள். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எந்தப் பட்டறை இயந்திரத்தில் மாடல் ஓடுகிறதோ அந்தப் பட்டறை அதில் ஒரு நகலை வைத்துக்கொள்ளும். தையல்காரனிடம் மிஞ்சுகிற துண்டுத் துணி மாதிரி, யாரும் கேட்பதில்லை. இது அவளுக்குத் தெரியாதது இல்லை. வீட்டுச் சாமி என்று சொன்ன பிறகு எவனும் தொடமாட்டான் என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாரித்தாய் புது ஊசியை விளக்குக் கரியில் தொட்டு, இரண்டு கண்ணிலும் குத்திக் கருவிழி வைத்தாள். அன்றிலிருந்து அந்த முகத்தின் முன்னால் தினமும் ஒரு கிண்ணம் சோறு. கண் திறந்துவிட்டால் பார்க்கிறாள் என்று அர்த்தம். பார்க்கிறவளுக்குப் பசிக்கும்.

*

வைகாசியில் குற்றாலிங்கம் போன் செய்து வரச்சொன்னான். பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் அவன் மீசையிலும் டீ டம்ளரிலும் இருந்தது.

"வா சங்கரி. சின்ன வேல. டீ ஆறதுக்குள்ள முடிச்சிரலாம். பாவூர்சத்திரத்து அண்ணாச்சி கதவ வேண்டாம்னுட்டாரு."

"ஏன், ஒம்பதாவது அன்னம் வேணுமாமா?"

"அன்னம் இல்ல. லட்சுமிக்குக் கண்ணு இல்லியாம். குருட்டு லட்சுமி வீட்டுக்கு ஆவாதுன்னு எவனோ ஏத்திவிட்டுட்டான். நீ கண்ணு மட்டும் தொறந்து குடுத்துரு."

"நான் அவருக்குப் போட்ட லட்சுமிக்குக் கண்ணு இருந்திச்சே."

"அத மாத்திட்டேன். இப்ப ஓடுதது வேற மாடல்." அவன் கணினியைத் திறந்து காட்டினான்.

முதலில் தழும்புதான் அவள் கண்ணில் பட்டது. லட்சுமியின் கிரீடத்துக்குக் கீழே, இடது புருவத்துக்கு மேலே, அந்தச் சின்னக் குழி. பிறகு தாடை. தன்னுடைய தாடை.

"இது எங்கேர்ந்து வந்திச்சு?"

"தியான லட்சுமின்னு பேரு. கண்ண மூடி தியானத்துல இருக்காள்லா? நான் வச்ச பேருதான். போன எடமெல்லாம் இதையே கேக்கான். கொல்லத்துக்காரன்கூட கேக்கான்."

"இது நான் போட்ட மொகம்."

"பொறவு? நீ போட்டதுனாலதானே இந்த ஓட்டம் ஓடுது." அவன் அதைப் பாராட்டாகவே சொன்னான்.

"நான் வீட்டுச் சாமின்னு சொன்னேன்லா?"

"சாமின்னுதானே சொன்ன? நானும் சாமியாத்தானே வித்தேன்?"

இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, வெளியாளிடம் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"அது எங்க அக்கா. செத்துப்போயிட்டா. எங்க வீட்டுக் கன்னி."

குற்றாலிங்கம் சூடு பட்டவன் மாதிரி மவுஸிலிருந்து கையை எடுத்தான். திரையைப் பார்த்தான். சட்டையின் மேல் பித்தானைப் போட்டான்.

"ஆத்தாடி. இத முன்னாலேயே சொல்லப்படாதா? சரி, விடு. ஒரு படையல் போட்டுருவோம். பாவாட சட்ட என் செலவு. பட்டுலயே எடுத்துருவோம்."

"அழி."

"இந்தா, அழிச்சாச்சு. பாத்துக்க. ஆனா மாடல் மாத்திக்கிடுத வாட்ஸப் குருப்புல போட்டுட்டேன் சங்கரி. நாம ஒண்ணு போட்டாத்தான் மத்தவன் ஒரு கட்டு குடுப்பான், ஒனக்குத் தெரியாதா? எல்லாவனும் எடுத்துட்டான். நான் எவன் வீட்டுல போயி அழிக்க?"

"லட்சுமிக்கு மட்டுந்தான் வச்சியா?"

அவன் இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். அந்தத் திரும்பலே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"சொல்லு அண்ணாச்சி."

"தாணுமாலயன் அண்ணாச்சி குத்தாலத்துல லாட்ஜு கட்டுதாருல்லா. கட்டிலுக்குத் தலமாட்டுப் பலகை. ஒடம்பு வேற. நாங்க நெட்டுல எடுத்தது. மூஞ்சிதான் இது. அவருதான் இந்த மூஞ்சியே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. பாத்தா அமைதியா இருக்குதாம்."

"என்ன ஒடம்பு?"

"ஒடம்புன்னா..."

"காட்டு."

அவன் போனில் படத்தைக் காட்டினான். கட்டில், மெத்தை, மேலே குடத்தோடு நிற்கும் பெண். படத்தை எடுத்தவன் மெத்தையில் செருப்புக் காலோடு நின்றிருந்தான் போல. முகம் நெருக்கமாக விழுந்திருந்தது.

சங்கரேஸ்வரி கணினியின் கீபோர்டைப் பிடுங்கி எடுத்து இயந்திரத்தின் மேல் எறிந்தாள். ஓடிக்கொண்டிருந்த பிட் அதில் மோதி உடைந்து தெறித்தது.

"ஏட்டி, புது பிட்டு! புது பிட்டு!" என்று குற்றாலிங்கம் கத்தினான்.

பிட்டுக்காகத்தான் கத்தினான். அதை அவள் வெகுநாள் மறக்கமாட்டாள்.

வீட்டுக்கு நடந்தே போனாள். இத்தனை நாள் கதவுகளை அவள் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. தன் வேலையைத் தெருவில் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. அன்று பார்த்தாள். புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீட்டில் செண்பகவல்லி யானைகளுக்கு நடுவே தாமரையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருவில் ஒரு டாக்டர் வீட்டு வாசல் கதவில் நின்றாள், கையில் நாணயம் கொட்டிக்கொண்டு. எண்ணெய் மசாஜ் என்று எழுதிய ஓர் இடத்தில் உள்கதவில் அவள் முகம் மட்டும் வட்டமாகப் பதித்திருந்தது. இடுப்பில் துண்டு கட்டிய ஒருவன் அந்த முகத்தில் கையை ஊன்றிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

எந்த முகத்திலும் தழும்பு இல்லை. எல்லாக் கதவிலும் அதைக் கவனமாக அடைத்திருந்தார்கள்.

மாரித்தாய் அடுப்பில் இருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்து வந்தவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள். மாரித்தாய் கரண்டியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை.

"கதவுல இருக்கதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. லட்சுமின்னு நெனச்சுக் கும்பிடுதான். கும்பிட்டுட்டுப் போறான். கட்டிலுக்கு மேலயா?"

"ஆமா."

"துணியில்லாமயா?"

சங்கரேஸ்வரி தலையை ஆட்டினாள்.

"ஒரு ஆம்பளை நெழலு படாமப் போன புள்ளைட்டி அது. கண்ட பயலும் வந்து படுத்து உருளுததப் பாத்துக்கிட்டு நிக்கவா நீ மொகம் போட்ட? எறக்கு. எறக்கிட்டு வந்து சோறு தின்னு."

தாணுமாலயனுக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். திறப்பு முடியட்டும் தாயி, உட்கார்ந்து பேசலாம் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் அவள் டெஸ்டரைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு குற்றாலம் பேருந்தில் ஏறினாள். பெயிண்டர்களும் எலக்ட்ரீசியன்களும் போய் வந்துகொண்டிருந்த விடுதியில் அவளை யாரும் தடுக்கவில்லை. முதலில் திறந்திருந்த அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறினாள்.

*

தாணுமாலயன் மாடனோடு படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். சத்தம் போடாத மனிதர். சத்தம் போடாமலே மூன்று லாட்ஜ் கட்டியவர்.

"எறங்கு தாயி. மெத்த புதுசு."

"போன்ல சொன்னேன்லா அண்ணாச்சி. இது எங்க அக்கா."

"கேட்டேன். நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லல. எனக்கும் பொம்பளப் புள்ளைய இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. கண்ணு தொறந்தாச்சா?"

"எங்க வீட்டுல தொறந்தாச்சு."

"அது ஒங்க வீட்டுல. நான் இங்கன கேக்கேன்."

அவள் திருகின் பக்கம் திரும்பினாள்.

"இங்கன தொறக்கல. கண்ணு தொறக்காத வரைக்கும் அது மரம் தாயி. கோயில்லயும் அதுதான் நடைமுறை, ஒங்க வீட்டுலயும் அதுதான் நடைமுறை. கண்ணு தொறக்கதுக்கு முன்னால சிற்பி சாமி நெஞ்சுல காலு வச்சு ஏறி நின்னுதான் கொத்துதான். குத்தம் ஆயிருச்சா? இல்ல. ஏன்னா அது அப்ப கல்லு. ஒரு மரத்துக்குப் போயா இம்புட்டு ஆத்திரம்? நாளன்னைக்குத் தெறப்பு. கலெக்டரு ஆபீஸ்லேர்ந்தெல்லாம் ஆள் வருது. நீ எறங்கு. ஒங்க அம்மாவுக்கு ஒரு சேல எடுத்துத் தாரேன்."

மாடன் தலையை ஆட்டினான். அது சரிதானே என்பது போல.

சரிதான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இந்த மனிதர் அவள் வீட்டு நடைமுறையையே எடுத்து அவள் அக்காளின் தலையில் வைத்து அடிக்கிறார். சேலை வேறு எடுத்துக் கொடுக்கிறாராம்.

முதல் முறையாகத் திரும்பிப் பலகையை நேராகப் பார்த்தாள். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். புருவத்துக்கு மேலே விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"இங்கன ஒரு குழி இருந்திச்சே."

"ஆமாக்கா. மரத்துல சொத்தைன்னு நெனச்சேன்" என்றான் மாடன். "எட்டுலயும் இருந்திச்சு. நான்தான் பட்டி வச்சு அடச்சேன். தெரியாதுல்லா, நைஸா இருக்குல்லா?"

அவள் டெஸ்டர் முனையை அங்கே வைத்துக் கிண்டினாள். பட்டி பொடியாக உதிர்ந்தது. குழி வந்தது.

"ஏ, என்ன செய்யுத?" என்றார் தாணுமாலயன்.

"செம்பகம்" என்றாள் சங்கரேஸ்வரி. வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "செம்பகம், முழிச்சுப் பாருட்டி. எங்க கொண்டாந்து நிறுத்தி வச்சிருக்கானுவன்னு நீயே பாரு."

வலது கண்ணில் டெஸ்டரைக் குத்தித் திருகினாள். தேக்கு கெட்டியாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். கருவிழி அளவுக்குப் பள்ளம் விழுந்ததும் இடது கண். டெஸ்டர் கொஞ்சம் வழுக்கியதில் இடது கண் பெரிதாகிவிட்டது. கைப்பையிலிருந்து கண்மையை எடுத்து, விரலால் இரண்டு பள்ளத்திலும் அப்பினாள்.

பலகையிலிருந்த முகம் மூன்று பேரையும் பார்த்தது. சாந்தம் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக, தூக்கத்தில் யாரோ உலுக்கி எழுப்பிவிட்ட பெண் மாதிரி கோபமாகப் பார்த்தது.

மாடன்தான் முதலில் செருப்பைக் கழற்றினான். கழற்றி வராந்தாவில் எறிந்தான்.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. மரமா?"

தாணுமாலயன் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். கழற்றும்போது கதவைப் பிடித்துக்கொண்டார்.

சங்கரேஸ்வரி கட்டிலிலிருந்து இறங்கினாள். டெஸ்டர் கையிலேயே இருந்தது. "இன்னும் ஏழு ரூம் இருக்குல்லா?"

"வேண்டாம் தாயி. வேண்டாம்." அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கை தானாகக் கும்பிட்டது, அவளையா பலகையையா என்று சொல்ல முடியாது. "நான் எறக்கிருதேன்."

"எப்ப?"

"ஆள் விட்டு, நாளைக்கு..."

"இப்ப."

"ஏல மாடா, எறக்குல."

"மத்த ஏழையும் எறக்குதேன் மொதலாளி" என்றான் மாடன். அவன் பலகையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "இத மட்டும் என்னத் தொடச் சொல்லாதிய. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

அவர்கள் ஏழையும் இறக்குவது வரை அவள் வராந்தாவில் நின்றாள். ஒவ்வொன்றையும் குப்புறப் போடச் சொன்னாள். போட்டார்கள். அப்புறம் பேருந்து ஏறினாள்.

வீட்டில் சொன்னபோது மாரித்தாய் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தாள். மாரித்தாய் எழுந்து நின்றுவிட்டாள்.

"தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன்."

"தொறந்துட்டு அங்கனயே விட்டுட்டு வந்துட்டியா? வாயில ஒரு பருக்க வைக்காம? கூறுகெட்ட மூதி, முழிச்ச புள்ளையப் பட்டினியாப் போட்டுட்டா நீ வந்து நிக்க?"

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

*

மறுநாள் காலையில் மாரித்தாய் வெல்லப் பொங்கல் வைத்தாள். இருவரும் பேருந்தில் குற்றாலம் போனார்கள். விடுதி அறை திறந்திருந்தது. கட்டிலையும் மெத்தையையும் வெளியே எடுத்திருந்தார்கள். சுவரில் பலகை அப்படியே இருந்தது. கீழே யாரோ விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள்.

மாரித்தாய் பாவாடையையும் சட்டைத் துணியையும் ஊக்கு குத்திப் பலகையில் கட்டினாள். வாழையிலையில் பொங்கலை வைத்தாள். தாணுமாலயன் வந்து கொஞ்சம் வாங்கித் தின்றார். சேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வராந்தாவில் மாடன் கிரைண்டரை வைத்து ஏழு பலகைகளிலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் வட்டக் கண்ணாடி ஒட்டப் போவதாகச் சொன்னான். திறப்பு குறித்த நாளில்தான்.

நான்காவது திருகைத் துளைபோடும் மெஷினால் சங்கரேஸ்வரியே கழற்றினாள். பலகையை மாரித்தாயின் பழைய சேலையில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். இலத்தூர் வீட்டு நிலைக்குள் அது நுழையவில்லை. கொல்லையில் தென்னைக்கு அருகே சாய்த்து, மேலே தகரம் வைத்துக் கட்டினார்கள். மாரித்தாய் இனி இரண்டு கிண்ணம் சோறு வைக்க வேண்டும் என்றாள்.

குற்றாலிங்கம் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. உடைந்த பிட்டின் படத்தை அனுப்பியிருந்தான்.

மதியத்துக்கு மேல் கணினியைத் திறந்தாள். கடையநல்லூரிலிருந்து ஒருவர் பூஜை அறைக் கதவுக்கு மாடல் கேட்டு, மாதிரிக்கு ஒரு படம் வைத்திருந்தார். தியான லட்சுமி. இதே முகம்தான் வேண்டும், கண் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இந்த மாடல் எங்களிடம் இல்லை என்று பதில் போட்டாள். பரவாயில்லை, வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் எழுதினார்.